மாதாவின் காலடியில் ஒரு சவர்க்காரக் கட்டி

தவக்காலம் வந்தால் எங்கள் செபக்குழுவில் போட்டி தொடங்கிவிடும். அந்த நாற்பது நாளுக்கு யார் எதை விட்டார்கள் என்ற போட்டி. மொன்றியலுக்கு வந்த பிறகு அது இன்னும் முற்றிவிட்டது, ஏனென்றால் இங்கே விடுவதற்குப் பொருட்கள் அதிகம். குழுவை நடத்திய அக்கா அந்த வருடமும் இறைச்சியை விட்டார். விட்டுவிட்டு, நாற்பது நாளும் சோயாமீற்றைத் தேங்காய்ப்பாலில் போட்டு, கறுவாவும் ஏலமும் சேர்த்து, இறைச்சியே வெட்கப்படும்படி சமைத்தார். இன்னொருவர் இனிப்பை விட்டார். அதை விடச்சொல்லி டொக்டர் மூன்று வருடமாக அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நான் தொலைக்காட்சி நாடகங்களை விட்டேன். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு, கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தேன். எங்கள் பல்கனியில் பூட்டியிருந்த டிஷ்ஷைக் கழற்றும்படி வீட்டுச் சொந்தக்காரன் கடிதம் போட்டதையும், அந்த டிஷ் ஒரு கிழமையாகக் கட்டிலுக்குக் கீழே கிடந்ததையும் சொல்லவில்லை. ஆண்டவருக்குத் தெரிந்தால் போதும், செபக்குழுவுக்கும் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். அக்கா என் மகளைப் பார்த்து, "பிள்ளை என்ன விடுறா?" என்று கேட்டார். அவளுக்கு அப்போது பத்து வயது.

"கேமை விடுறா அக்கா. தானாத்தான் சொன்னவ," என்றேன் நான்.

பக்கத்தில் நின்ற மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பொது இடத்தில் அம்மாவை மறுத்துப் பேசக்கூடாது என்று நான்தான் பழக்கியிருந்தேன்.

அந்தக் கேம் உள்ளங்கையளவு பெட்டி. அதற்குள் ஒரு குட்டி வீரன் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருப்பான். தலையை முழுதாக மூடிய இரும்புத் தொப்பி, கையில் தன்னைவிட நீளமான வாள். குழிகளைத் தாண்டவேண்டும், எதிரே வருபவற்றை வெட்டவேண்டும். வலப்பக்கம் மட்டும்தான் போகலாம். கடந்துபோன இடம் பின்னாலேயே மூடிக்கொள்ளும், விட்டுவந்ததை எடுக்கத் திரும்ப முடியாது. அகதியாய் வந்த எங்கள் சனத்துக்கென்றே செய்ததுபோல இருந்தது. மொத்தம் எட்டுக் கட்டங்கள். நத்தார்ப் பண்டிகையிலிருந்து விளையாடி, மகள் எட்டாவது கட்டத்தின் வாசலில் நின்றாள்.

அவளுக்கு வெற்றி பெரிதில்லை. அந்தத் தொப்பிக்குள் யார் இருக்கிறார் என்பதுதான் அவளுடைய கவலை. கேமை முடித்தால் அவன் தொப்பியைக் கழற்றுவானாம். வகுப்பில் யாரோ முகத்தைப் பற்றிச் சொல்ல வந்தபோது இவள் காதைப் பொத்திக்கொண்டாளாம். பனிக்காலம் முழுவதும் பள்ளிக்கூடக் கொப்பியின் பின்பக்கத்தில் முகங்கள் வரைந்தாள். ஒருநாள் பூனை, ஒருநாள் ஒரு சின்னப் பெண், ஒருநாள் தன் அப்பாவின் மீசை.

"இன்னும் ஒண்டுதான் அம்மா இருக்கு," என்றாள் விபூதிப் புதன் மாலை. "உயிர்த்த ஞாயிறண்டைக்கு முடிக்கலாம்தானே?"

"தாராளமா," என்றேன் பெருந்தன்மையோடு.

விட்ட பொருளை வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்தின் காலடியில் வைப்பது எங்கள் வழக்கம். கேமை ஊதாத் துணியில் சுற்றி நானே அங்கே வைத்தேன். அவள் நாற்பது நாளும் அதைத் தொடவில்லை. செபமாலை சொல்லும்போது மட்டும் அந்தப் பொட்டலத்தைப் பார்ப்பாள். செபக்குழுவில் இதைச் சொல்லி நான் எத்தனை தடவை கண் கலங்கினேன் என்பதற்குக் கணக்கில்லை.

இரண்டாவது கிழமை எனக்கு நாடகம் இல்லாமல் கை அரிக்கத் தொடங்கியது. எனக்கு வேலை புவாண்ட்-கிளேரில், வாசனைத் திரவியப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்குகிற வெயர்ஹவுஸில். மெட்ரோவும் பஸ்ஸுமாக விடியற்காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பயணம். ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லோரும் தூங்கும்போது, பொட்டலத்தைப் பிரித்துக் கேமை எடுத்துப் பைக்குள் போட்டேன். துணி சப்பையாகத் தெரியக்கூடாது என்று, அதே அளவில் ஒரு சவர்க்காரக் கட்டியை வைத்துச் சுற்றினேன். மாதா பார்த்துக்கொண்டுதான் நின்றா.

பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் அதைத் திறந்தேன். திரையில் ஏதோ கேள்வி வந்தது, ஏதோ ஒரு பொத்தானை அமத்தினேன். வீரன் முதலாம் கட்டத்தில் ஓடத் தொடங்கினான். முதல் குழியிலேயே விழுந்தான். மூன்றாவது நாள்தான் எனக்கு விளங்கியது: அந்தக் கேம் ஒருவருடைய ஓட்டத்தைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். நான் புதிதாகத் தொடங்கியபோது மகளுடைய ஏழு கட்டங்களும் அழிந்துவிட்டன.

அன்று மாலையே அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாறாக ஒரு நல்ல வார்த்தையைக் கண்டுபிடித்தேன்: பரிகாரம். உயிர்ப்புக்கு முன்னால் அவளை எட்டாவது கட்டத்தின் வாசலில் மறுபடி கொண்டுபோய் விட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும். ஆகவே நான் விளையாடவில்லை, பரிகாரம் செய்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் செய்தேன், சாப்பாட்டு இடைவேளையில் செய்தேன், வெயர்ஹவுஸ் கழிப்பறையில் செய்தேன். மகள் பள்ளிக்கூடம் முடிந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கார்தெறியில் ஐந்து மணிவரை நிற்பாள், அதற்குமுன் வீட்டுக்கு ஓடிவந்து பரிகாரத்தைத் துணிக்குள் சுற்றி வைத்துவிடுவேன். நான்காம் கட்டத்தில் என் பெருவிரல் காய்த்துப்போனது. செபக்குழுவில் அக்கா அந்தக் காய்ப்பைப் பார்த்து, "செபமாலை கூடிப்போச்சு போலை," என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்தேன்.

பெரிய வாரத்தில், சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். "பிள்ளையின்ரை சாமான் ஒண்டைக் கேக்காமல் பாவிச்சுப்போட்டன் சுவாமி," என்றேன். பென்சில் என்று நினைத்திருப்பார். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச்சொல்லி அனுப்பிவிட்டார். அதையும் ஆறாம் கட்டத்துக்கும் ஏழாம் கட்டத்துக்கும் இடையில் சொல்லி முடித்தேன்.

பெரிய வெள்ளியன்று ஏழாவது கட்டத்தை முடித்தேன். எட்டாவதன் வாசலில் வீரன் நின்றான். பரிகாரம் நிறைவு. கேமைத் துணிக்குள் சுற்றி வைத்துவிட்டுச் சிலுவைப்பாதைக்குப் போய், அழவேண்டிய இடங்களில் எல்லாம் அழுதேன்.

மறுநாள் பெரிய சனி. மேலதிக வேலை என்று கூப்பிட்டிருந்தார்கள். புறப்படும்போது கை தானாகப் பொட்டலத்துக்குப் போனது. ஒரு தடவை, அந்தக் கட்டம் எப்படியிருக்கும் என்று மட்டும் பார்க்க. தோற்றால் ஒன்றும் குறையாது, வீரன் அதே வாசலில் நிற்பான். தோற்பேன் என்றுதான் நினைத்தேன் என்று எழுதினால் அதுவும் பொய்.

பஸ்ஸில் விளையாடினேன். கட்டத்தின் கடைசியில் ஒரு இரும்புப் பன்றி வந்தது, நெருப்புத் துப்பியது. இரண்டு தடவை செத்தேன். மூன்றாவது தடவை அதன் முதுகில் ஏறி நின்று வெட்டினேன். பன்றி வெடித்தது. திரை வெளுத்தது, பாட்டு மெதுவானது, குட்டி வீரன் ஒரு மேட்டில் ஏறி நின்று இரண்டு கைகளையும் தொப்பிக்குக் கொண்டுபோனான். அப்போதுதான் நான் இறங்கவேண்டிய தரிப்பிடம் வந்தது. மூன்று நிமிடம் பிந்தினால் சுப்பர்வைசர் வாயில் விழவேண்டும். கேமை அணைத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன்.

இடைவேளையில் திறந்தபோது மூலையில் ஒரு கிரீடம் மின்னியது. வீரன் முதலாம் கட்டத்தில் நின்றான். முடித்தவர்களுக்கு ஒரு கிரீடத்தைத் தந்து மறுபடி முதலிலிருந்து ஓடவிடுவதுதான் அந்தக் கேம் கொடுக்கிற மரியாதை. ஏழு கட்டங்களுக்கு எனக்கு ஒரு மாதம் எடுத்தது, ஞாயிறுக்கு ஒரு நாள் இருந்தது. வீட்டுக்கு வந்து புது பற்றரி போட்டுச் சுற்றி வைத்தேன். ஒரு தாயால் செய்யக்கூடியது அவ்வளவுதான் என்று அப்போது எனக்குப் பட்டது.

உயிர்த்த ஞாயிறு மத்தியானம் செபக்குழு முழுவதும் எங்கள் வீட்டில் சாப்பாடு. நான்தான் அழைத்திருந்தேன், மகளின் தவக்கால ஒறுத்தலை எல்லோரும் காணவேண்டுமே. அக்கா கையைத் தட்டி எல்லோரையும் அமைதியாக்கினார். மகள் பொட்டலத்தை எடுத்தாள். துணியை ஒருதரம் முகர்ந்தாள். அதில் சவர்க்கார மணம் ஏறியிருந்தது. கேமைத் திறந்தாள். மூலையில் மின்னிய கிரீடத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னை மட்டும் பார்த்தாள்.

"என்ன பிள்ளை, தொடங்கேல்லையே?" என்றார் அக்கா.

"பற்றரி இல்லை அன்ரி," என்றாள். அணைத்துவிட்டாள்.

மிச்சப் பற்றரிகள் குளிர்சாதனப் பெட்டியின் மேல், பிரித்த பைக்கற்றோடு, அவள் கண்ணுக்கு நேரே கிடந்தன. அவள் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. முகம் கொஞ்சமும் மாறவில்லை. அந்த முகத்தை நான் கோயில் வாசலில் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன்.

"பொறுமையைப் பாருங்கோ," என்றார் அக்கா. "எல்லாம் தாயின்ரை வளர்ப்பு." நான் ஆட்டிறைச்சிக் கறியை இன்னொரு தரம் எல்லோருக்கும் பரிமாறினேன்.

எல்லோரும் போன பிறகு சட்டி கழுவிக்கொண்டு நின்றேன். மகள் வந்து பக்கத்தில் நின்றாள். நான் மன்னிப்பும் புதுக் கேம் ஒன்று வாங்கித்தருகிற வாக்குமாகத் தயாராக இருந்தேன். அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மா, முகம் எப்பிடி இருந்தது?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். பூனை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கண்ணைப் பார்த்துப் புளுக என்னால் முடியவில்லை.

"நான் பாக்கேல்லை. என்ரை ஸ்டொப் வந்திட்டுது."

"கொஞ்சமும் பாக்கேல்லையா?"

"இல்லை."

அவ்வளவு பேருக்கு முன்னால் அழாதவள் அப்போது அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பது நாளில் முதல்தடவையாக, யாரும் பார்க்காத இடத்தில் வெட்கமாக இருந்தது.

"அப்ப ஏனம்மா முடிச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

பாவசங்கீர்த்தனத்தில்கூட என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. குழாயை மூடினேன். "எனக்கு ஆசையா இருந்தது," என்றேன்.