அக்கா போட்ட சைபர்

அக்காவின் முதலாமாண்டு நினைவுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அலங்காரமாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம், வாழைத் தோட்டத்தில். கட்டிக்கொடுத்தது கோயம்புத்தூரில். மாமா சிறு வயதிலேயே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. அக்கா ஒரு நூற்பாலையின் டெஸ்டிங் ரூமில் வேலைக்குச் சேர்ந்தார். ஈரப்பதம் மாறிவிடும் என்று அந்த அறையின் சன்னலைத் திறக்கவே விடமாட்டார்கள். வெளியே மழை பெய்வதுகூடத் தெரியாமல் பணிக்காலம் முழுவதையும் அதற்குள்ளேயே கழித்தார். கேட்டால், "எனக்கென்ன கண்ணு, நாலு செவுரு இருந்தாப் போதும்" என்பார். எனக்கு ஆத்திரம்தான் வரும்.

ஓய்வு பெற்று என்னோடு வந்து தங்கிய கொஞ்ச காலத்தில் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. எழுத்துகளைக் காட்டினால் வெறித்துப் பார்த்தார். ஆமாம் என்றால் கண்ணை மூடச் சொன்னோம். கேட்காத கேள்விக்கும் மூடினார். புரிதல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர். பார்க்க வந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டுக் காபி குடித்தபடி, இப்படிக் கிடப்பதற்குப் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று பேசினார்கள்.

கடைசியில் அண்ணன் காரோடு வந்தார். "இங்க பாரு அம்மணி, அவளுக்கு நெனப்பே தப்பிப்போச்சு. காரமடைப் பக்கம் ஒரு ஹோமு பேசி வெச்சிருக்கறேன். கொண்டு போய் உட்டுப்போடலாம். நீயும் எத்தனை நாளைக்குத் தூக்கிப் போடுவே?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் முதுகும் அப்போது நிமிராது. அக்கா உள்ளேதான் இருக்கிறார் என்று என் மனசு சொன்னது. மனசு சொல்வதை வைத்து யாரிடம் வாதாட? துணிகளைப் பையில் எடுத்து வைத்தேன்.

அந்த நேரத்தில்தான், அக்காவோடு டெஸ்டிங் ரூமில் வேலை பார்த்த சரசு மல்லிகைப்பூவோடு வந்தார். கட்டிவைத்த பையைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அண்ணனைப் பார்த்து, "ஏனுங்ண்ணா, அக்கா என்ன வேலை பார்த்தாங்கன்னு தெரியுமுங்களா?" என்று கேட்டுவிட்டு, பேச்சுப் பயிற்சிக்காக வாங்கிய வெள்ளைப் பலகையைக் கட்டிலில் வைத்து, அக்கா தினமும் போட்ட கணக்கை எழுத ஆரம்பித்தார்.

நூல் எவ்வளவு சன்னம் என்பதை ஒரு நம்பரால் சொல்வார்கள்; அதற்கு நூற்றிருபது கெஜ நூலை எடை போடுவார்கள். அதே நீளமுள்ள ஒன்றாம் நம்பர் நூலின் எடை 64.8 கிராம். அதற்குள் இந்த நூலின் எடை எத்தனை முறை அடங்குகிறதோ அதுவே இந்த நூலின் நம்பர். சரசு எழுதிய எடை 1.62. புள்ளியை வைத்துக்கொண்டு வகுப்பது தொந்தரவு என்பதால் அதை நூறால் பெருக்கி 162 ஆக்குவார்கள். அப்போது 64.8-ஐயும் அதே நூறால் பெருக்க வேண்டும். கிராமில் பார்த்த இரண்டு எடைகளையும் கிராமின் நூறில் ஒரு பங்கில் பார்க்கிறோம், அவ்வளவுதான். எடை மாறவில்லை; ஒன்றுக்குள் மற்றொன்று அடங்கும் தடவையும் மாறாது. ஆனால் 64.8-இல் புள்ளிக்குப் பின்னால் ஒரே ஓர் இலக்கம்தான். அவசரத்தில் புள்ளியை அந்த ஓரிடம் மட்டும் தள்ளி 648 என்று நிறுத்திவிடுவது அந்த அறையில் வழக்கமான தப்பு. சரசுவும் அதையே செய்தார். "நாலு தடவைங்க" என்று விடை எழுதினார்.

அக்கா தொண்டையில் ஒரு சத்தம் எழுப்பினார். சளி என்று நினைத்துத் துணியோடு போனேன். இடக்கை பலகையைத் தேடிக்கொண்டிருந்தது. பேனாவை விரல்களுக்குள் வைத்தேன். 648-க்குப் பக்கத்தில், கோணலாக, நெடுநேரம் எடுத்து, ஒரு வட்டம் போட்டார். 6480.

"ஒரு சைபரை உட்டுப்போட்டேனுங்க அக்கா" என்றார் சரசு மெதுவாக.

அக்கா பேனாவை விடவில்லை. கை விடைக்குப் போனது. 6480-க்குள் இருப்பது 648 பத்துகள். அதற்குள் 162 நான்கு முறை போகும். அந்த நான்கு, நான்கு பத்து. மிச்சம் இல்லை. கடைசி சைபரை இறக்கினால் ஒன்றின் இடத்துக்கு எதுவும் வராது; அந்த இடம் இருக்கிறது என்று காட்டவே ஒரு சைபர் வேண்டும். நான்குக்குப் பக்கத்தில் அதையும் போட்டார். நாற்பதாம் நம்பர் நூல்.

அண்ணன் பலகையை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காரமடைப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று நான் சந்தோஷப்பட்டேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. வாசலில்லாத ஓர் அறைக்குள் அக்கா முழு நினைவோடு அடைந்து கிடந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் அவரால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. வலிக்கிறதா என்று கேட்டாலும் அதே பார்வைதான். தைப்பொங்கல் முடிந்து, ஒரு காலையில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

சரசுவுக்கும், அக்காவைக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வந்த பெண்ணுக்கும், அண்ணனுக்கும், காரியங்களில் தோள் கொடுத்த எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். வந்து பார்த்துவிட்டுப் போன மற்றவர்களுக்கும் நன்றி. யாரையும் நோகடிக்க இதை எழுதவில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அந்தக் கட்டிலருகே நீங்கள் பேசியது எல்லாம் அக்காவுக்குக் கேட்டது.