அரை மணி நேரம் என்று நான் எழுதியது

போன ஞாயிறு காலை. இந்தப் பத்திக்காக ஒரு புத்தகத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். சிலுவைப் போர்க் காலத்தில் சிரியாவில் வாழ்ந்த ஓர் அரபு பிரபுவின் நினைவுக் குறிப்புகள்.

எதிரிகளான ஐரோப்பியர்களோடு பழகியவர் அவர். அவர்களுடைய விசாரணையை நேரிலேயே பார்த்திருக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவனைக் கயிற்றில் கட்டித் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்களாம். மூழ்கினால் நிரபராதி. மிதந்தால் குற்றவாளி! அந்தக் காலத்துச் சட்டத்துக்கும் பழக்கவழக்கங்களுக்கும் இன்றைக்கும் ஆய்வாளர்கள் இவரைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். கூடவே எச்சரிக்கிறார்கள் – மனிதர் கதை சொல்வதில் கெட்டிக்காரர், சிரிக்க வைப்பதற்காகக் கொஞ்சம் கூட்டுவார், ஜாக்கிரதை.

அப்போது காலிங் பெல் அடித்தது.

வாசலில் செல்வி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. எனக்கு ரயில் சிநேகம். கையில் ஒரு ஜெராக்ஸ்... என்னுடைய பழைய பத்தி!

"இன்னா சார் இப்டி எழுதிட்டீங்க? வேலையே போய்டும் போல இருக்கு."

செல்விக்குப் பக்கத்து மெஷின் நூர்ஜஹான். சாயங்காலத் தொழுகைக்கு நூர்ஜஹான் எழுந்தால், அவருடைய பீஸையும் சேர்த்துச் செல்வி தைப்பார். ஸ்கூல் விட்டு வந்த குழந்தைக்கு போன் பண்ணச் செல்வி எழுந்தால், நூர்ஜஹான் தைப்பார். எந்த ரூல் புத்தகத்திலும் இல்லாத பழக்கம். செல்வி ரயிலில் சொன்னதை ரசித்து எழுதியிருந்தேன். ஆளுக்கு அரை மணி நேரம் என்றும், சூப்பர்வைசர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்றும்.

வாசகர்கள் சிரித்தார்கள். புது மேனேஜர் சிரிக்கவில்லை. இரண்டு பேருக்கும் மெமோ. விசாரணையில் ஒரே ஆதாரம் என் பத்தி.

"பத்து நிமிஷம்னுதானே சார் சொன்னேன்?"

ஆமாம். பத்து நிமிஷத்தில் என்ன சிரிப்பு வரும்? அரை மணியாக்கினேன். அந்த சூப்பர்வைசரும் என் கற்பனைதான். லைனுக்குள் நான் காலே வைத்ததில்லை. செல்வியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் முட்டி வலியோடு பஸ் பிடித்து அந்தக் கம்பெனிக்குப் போனேன். விசாரணை அதிகாரி மரியாதையாகச் சேர் போட்டார். காபி கூட வந்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"நீங்க பெரிய ரைட்டர் சார். பாவம் பார்த்து இப்ப மாத்திப் பேசுறீங்க. ஆனா அச்சுல இருக்கே..."

எதிரே உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன். என்னை விட்டுவிட்டு ஜெராக்ஸை நம்புகிறார்! அந்த அரபு பிரபுவாவது செத்துப் போய்விட்டார், யாரும் கூப்பிட்டுக் கேட்க முடியாது. எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

வெளியே வந்தேன். "பரவால்ல சார், நீங்க வந்ததே ஜாஸ்தி" என்றார் செல்வி. நூர்ஜஹான் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

இருபது வருஷமாக வாராவாரம் எழுதுகிறேன். யார் யாருடைய பத்து நிமிஷங்களை அரை மணியாக இழுத்தேனோ... நினைத்தாலே அசதியாக இருக்கிறது.

அடுத்த வாரம்தான் முடிவு சொல்வார்களாம். அதற்குள் இந்த இதழ் கடைக்கு வந்துவிடும். அச்சில் இருந்தால்தானே நம்புவீர்கள், ஆபீசர் சார்?

இதையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள் – பத்து நிமிஷம்தான்.