தங்கப்பாண்டியனின் மூன்றாவது பேரிங்

கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஏறுகிற ஜீப்புகளில் தங்கப்பாண்டியனின் ஜீப்பைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். மற்றவை எல்லாம் எஸ்டேட் சேற்றில் முக்கி எடுத்த நிறத்தில் இருக்கும். அவனுடையது மட்டும் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருக்கும். அவன் ஊரான சுருளிப்பட்டியில் அதைச் சுத்தம் என்று சொல்வார்கள். அது சுத்தம் இல்லை, அருவருப்பு. நாற்பத்து நான்கு வயதுவரை அந்த மனிதனை நடத்திக்கொண்டு வந்தது அது ஒன்றுதான்.

சின்ன வயதிலிருந்தே அப்படி. பந்தியில் பக்கத்து இலைக்காரர் மோரை உறிஞ்சினால் எழுந்துவிடுவான். டீக்கடைக்குச் சொந்தத் தம்ளர் கொண்டுபோவான். திராட்சைத் தோட்டத்தில் அழுகின கொத்துகளைப் பறித்துப் போடச் சொன்னார்கள் என்று ஒரே நாளில் வேலையை விட்டு வந்தான். அப்புறம் டிராக்டர், சரக்கு ஆட்டோ, கடைசியில் நாலு சக்கரமும் இழுக்கிற இந்தப் பழைய நீள ஜீப்பு. அவன் தாய் அக்கம்மாள் பக்கவாதத்தில் எட்டு மாதம் படுக்கையில் கிடந்தபோது அந்த அறைக்குள் அவன் மொத்தம் ஐந்து முறை போயிருந்தால் அதிகம். போனபோதெல்லாம் மூக்கில் துண்டு. புரட்டிப் போட்டதும், துடைத்ததும், முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்ததும் மனைவி ராமுத்தாய். அவன் வாசலில் நின்றபடி, ஆத்தா சாப்பிட்டுச்சா என்று மட்டும் கேட்பான். சாப்பிட்டது பிறகு என்ன ஆகும் என்ற பேச்சை எடுக்க மாட்டான்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த பிழைப்பு, பதிமூன்று பெண்களை ஏலக்காய்த் தோட்ட வேலைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது. காலை ஐந்தரைக்கு ஏற்றினால் எட்டு மணிக்குள் கேரளப் பக்கத்து எஸ்டேட்டில் இறக்க வேண்டும். மெட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தார் முடிந்துவிடும். அப்புறம் பாறையும் சேறும்தான் பாதை. வெறும் வயிற்றில் டீயைக் குடித்துவிட்டு ஏறுகிற பாண்டீஸ்வரிக்கு ஐந்தாவது வளைவில் தவறாமல் வாந்தி வரும். தலையை வெளியே நீட்டுவாள். காற்று பாதியை உள்ளே திருப்பி அனுப்பிவிடும். வெற்றிலை எச்சில், மழைக்காலத்தில் காலிலிருந்து பிடுங்கிப் போட்ட அட்டைகள், அவை கடித்த ரத்தம், செடிக்கு அடித்த மருந்தின் நாற்றம், எல்லாம் சேர்ந்து சாயங்காலம் ஜீப்பின் தரையில் கிடக்கும்.

ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய துணி, பத்து நிமிடம். இதுதான் அதற்கு வைத்தியம். தங்கப்பாண்டியனால் அது ஆகாது. கையால் தொட வேண்டுமே. அவன் கண்ட வழி ஆறு. பெண்களை ஊர் முக்கில் இறக்கிவிட்ட கையோடு, மெட்டு இறங்கிவந்த சூடு ஆறுவதற்குள், ஜீப்பை முல்லையாற்றுத் துறைக்குள் விடுவான். தரைத் தகட்டைத் தொடும் அளவுக்குத் தண்ணீர் ஏறியதும் நிறுத்திவிட்டு, இரண்டு வாளி அள்ளி உள்ளே வீசிவிட்டு, அரை மணி நேரம் கரையில் உட்கார்ந்திருப்பான். கை படாமல் எல்லாம் போய்விடும். கீழ்த் துறையில் குளிக்கிறவர்களையும், அங்கிருந்து ஊர்க் குழாய்க்கு ஏறுகிற தண்ணீரையும் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் இல்லை.

ஆடி மாதத்தில் வண்டியின் வயிற்றுக்குள் சத்தம் ஆரம்பித்தது.

கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டு, நீள வண்டியில் இரண்டு துண்டாக இருக்கும். இரண்டும் சேருகிற இடத்தை ஒரு ரப்பர் வளையத்துக்குள் உட்கார்ந்து தாங்குவது சென்டர் பேரிங். உள்ளங்கை அகலச் சாமான். அது போனால் தண்டு தொங்கும். சுற்றிக்கொண்டே தொங்கினால் பக்கத்தில் இருப்பதை எல்லாம் அடிக்கும். பக்கத்தில்தான் பிரேக் குழாயும் ஓடுகிறது.

ஆடியில் ஒன்று போனது. மாற்றினான். ஐப்பசியில் அதுவும் போனது. இரண்டு தடவையும் வண்டி பாதி வழியில் நின்று, பெண்கள் எஸ்டேட்டுக்கு நடந்து போனார்கள். எட்டு மணிக்கு மேல் வந்தால் சூப்பர்வைசர் அரை ஆள் கூலி என்று போட்டுவிடுவார். ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிற சுப்புத்தாய் ஐம்பத்தெட்டு வயதுக்காரி, பேச்சை நீட்ட மாட்டாள். இரண்டாம் தடவை அவனிடம் சொன்னாள்:

“இன்னொரு வாட்டி நின்டுச்சுன்னா நாங்க முத்துக்கருப்பன் வண்டிக்குப் போயிருவோம்ப்பா. அப்புறம் அங்கன வந்து நின்டுக்கிட்டு அத்தை, சித்தின்னு கூப்புடாத.”

இந்தப் பதிமூன்று பேர் போனால் அந்த ஜீப்புக்கு வேறு சவாரி கிடையாது. மற்ற கூட்டங்கள் எல்லாம் ஏற்கெனவே ஒவ்வொரு வண்டிக்குப் பழகிவிட்டவை. அது அவனுக்குத் தெரியும்.

தெரிந்தும் என்ன செய்தான்? கம்பத்துக் கடைக்காரன் டூப்ளிகேட் சாமான் கொடுத்துவிட்டான் என்று தேனிக்குப் போய் வாங்கினான். மாட்டின மெக்கானிக்குக் கை சரியில்லை என்று ஆளை மாற்றினான். பெண்களின் கனம் தாங்கவில்லை என்று சொல்லி இரண்டு பேரைக் குறைக்கச் சொன்னான். யாரைக் குறைக்க வேண்டும் என்று சுப்புத்தாய் கேட்டபோது அவன் கண் பாண்டீஸ்வரி பக்கம் போனதை எல்லோரும் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினான். பூஜைக்கு வண்டி கூடுதல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால் வியாழக்கிழமைகளில் ஆற்றுக்குள் ஒரு மணி நேரம். வண்டிக்கு அடியில் படுத்து ஒரு தடவை பார்ப்பதைத் தவிர எல்லாம் செய்தான். அடியில் என்ன ஒட்டிக்கொண்டிருக்குமோ என்ற நினைப்பிலேயே குனியாமல் திரும்பிவிடுவான்.

தை மாதத்தில் மறுபடியும் அந்தச் சத்தம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊ என்று இழுத்தது. நின்று கிளம்பும்போது கீழே டங்கென்று ஒரு அடி. காலுக்கடியில் தகடு நடுங்கியது. மூன்று நாள் இது நடந்தது. ரோடு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

நான்காம் நாள் காலை, மெட்டுக்கு நான்கு வளைவு கீழே, கியரைக் குறைத்து மிதித்தபோது அடியில் யாரோ சம்மட்டியால் அடித்தது மாதிரி நாலைந்து அடி விழுந்தது. பெஞ்சில் இருந்த பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்தார்கள். அவன் பிரேக்கை மிதித்தான். நல்ல வேளை, பிடித்தது. சுப்புத்தாய் இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்துவிட்டு, எல்லோரையும் இறங்கச் சொன்னாள். சற்று நேரத்தில் முத்துக்கருப்பனின் ஜீப்பு வந்தது. அதில் ஏற்கெனவே ஆறு பேர். பதிமூன்று பேரும் ஏறினார்கள். பாண்டீஸ்வரிக்கு இடமில்லாமல் பின்படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு போனாள்.

வேறு வழியில்லை. சாக்கை விரித்து அவன் அடியில் புகுந்தான்.

ஆறு கழுவியதெல்லாம் மேல்பக்கம்தான். அடியில் சட்டத்தின் மூலைகளில் வாந்தி காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. செம்மண்ணில் ஒட்டி அட்டைகள் கறுத்துச் சுருண்டிருந்தன. பேரிங் இருந்த இடத்தில் ரப்பர் கிழிந்து தொங்க, உள்ளேயிருந்து பழுப்பாக, சீழ் மாதிரி, ஒரு நீர் வடிந்துகொண்டிருந்தது. அவன் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. வெளியே உருண்டு வந்து ரோட்டோரத்தில் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி புகுந்தான். பின்தண்டு இரண்டு துண்டையும் கழற்றி உள்ளே போட்டான். பிரேக் குழாய் மேல் தண்டு உரசிய இடம் புதுக் காசு மாதிரி மின்னியது. இன்னும் இரண்டு வளைவு போயிருந்தால் அறுந்திருக்கும். முன்சக்கர இழுப்பைப் போட்டு, முதல் கியரிலேயே கம்பம்வரை இறக்கினான்.

கம்பத்தில் ராஜபாண்டியின் பட்டறை. ஜீப்புக்குப் பேர் போனவர், வாய்க்கும் பேர் போனவர். கடை கடையாக மாற்றின தங்கப்பாண்டியன் இவரிடம் மட்டும் வந்ததில்லை; பட்டறைத் தரை எண்ணெயும் பீடித் துண்டுமாக இருக்கும் என்பதுதான் காரணம். ராஜபாண்டி பேரிங்கைத் தட்டிப் பிரித்து, உள்ளங்கையில் கொட்டினார். குண்டுகள் துருப்பிடித்துச் சொறி பிடித்திருந்தன. கிரீஸ் என்று ஒன்றுமே இல்லை.

“மாப்ள, வண்டிய எங்கன கழுவுற?”

ஆற்றில் என்றான்.

“எந்நேரம்?”

மெட்டு இறங்கி வந்ததும் என்றான். ராஜபாண்டி சிரிக்கவில்லை. பேரிங்கை அவன் கையில் திணித்து, விரலை மடக்கிவிட்டார்.

“கொதிக்கக் கொதிக்கத் தண்ணிக்குள்ள விட்டா உள்ள இருக்கிற காத்து சுருங்கிரும். சுருங்கினா தண்ணிய உறிஞ்சும். இது டூப்ளிகேட்டும் இல்ல, பொம்பளைக கனமும் இல்ல. மூணையும் நீதான் முக்கிக் கொன்னுருக்க.”

கூடவே சொன்னார், மழையில் ஓடுகிற ஜீப்பு எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது, தினம் ஆற்றில் உட்கார்ந்தால் எருமை மட்டும்தான் நன்றாக இருக்கும் என்று. புது பேரிங்கை மாட்டும்போது அவனையே அடியில் படுக்கவைத்து, தண்டின் இரண்டு துண்டையும் குறி பார்த்துச் சேர்ப்பதை, ரப்பரை முறுக்காமல் உட்காரவைப்பதை, கிரீஸ் அடிப்பதை எல்லாம் கையால் செய்ய வைத்தார். பிரேக் குழாயையும் மாற்றினார். அவனுக்கு மூன்று முறை குமட்டியது. ராஜபாண்டி பீடி குடித்துக்கொண்டு காத்திருந்தார்.

மறுநாள் சாயங்காலம், வேலை முடிந்து பெண்கள் வந்திறங்கும் நேரத்துக்குச் சுப்புத்தாய் வீட்டு வாசலுக்குப் போனான். குழாயடியில் நாலைந்து பேர் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாண்டீஸ்வரியும் இருந்தாள். முத்துக்கருப்பன் வண்டியில் பத்தொன்பது பேர் நசுங்கி வந்த களைப்பு எல்லோர் முகத்திலும் இருந்தது. வண்டி சரியாகிவிட்டது, சாமான் டூப்ளிகேட், இப்போது நல்ல சாமான் போட்டாயிற்று என்று அவன் ஆரம்பித்தான்.

சுப்புத்தாய் கேட்டாள்: “மூணு வாட்டியுமா டூப்ளிகேட்டு?”

இன்னொரு பொய் அவன் கையில் இருந்தது. முத்துக்கருப்பன் வண்டிக்குத் திரும்பத் திரும்பப் போகிற பதிமூன்று பேரும் கண்ணில் வந்தார்கள். மின்னிக்கொண்டிருந்த அந்தப் பிரேக் குழாயும் வந்தது. தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“சாமான் மேல தப்பில்ல அத்தை. உள்ள கெடக்கிறதத் துடைக்க எனக்கு அருவருப்பு. அதுக்காகத் தினம் ஆத்துக்குள்ள விட்டேன். அதான் போச்சு. மூணு நாளாச் சத்தமும் கேட்டுச்சு. சொல்லல.”

முனீஸ்வரி என்கிற பெண், கால் கழுவுவதை நிறுத்தாமலே, நம்ம எச்சியையும் வாந்தியையும் கரைச்சு நமக்கே குடிக்கக் குடுத்திருக்காரு மகராசன் என்றாள். ஒருத்தி சிரித்தாள். பாண்டீஸ்வரி சிரிக்கவில்லை.

“நாலு வருசமா அண்ணே அண்ணேன்னு வாரேன். ஒரு பாலித்தீன் பை குடுத்திருந்தா அதுல எடுத்திருப்பேன்ல.”

அந்த யோசனை அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை. பாண்டீஸ்வரி குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சுப்புத்தாய் அவனை மேலும் கீழும் பார்த்தாள். உயிரோடு விளையாடியவனுக்குச் சொல்ல வேண்டியதைக் கொஞ்சம் சொன்னாள். அவை அச்சில் ஏற்றுகிற வார்த்தைகள் இல்லை. கடைசியில், காலையில் வண்டியைக் கொண்டு வா, நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். பின்படியில் ஒரு பெண் தொங்கிக்கொண்டு வருவதை அவளும் இரண்டு நாளாகப் பார்த்திருந்தாள்.

காலை ஐந்தரைக்கு முக்கில் ஜீப்பு நின்றது. பெண்கள் தூக்குவாளிகளோடு ஓரமாக நின்றார்கள். முத்துக்கருப்பனும் தன் வண்டியை எதிரே நிறுத்தி, ஹாரனை ஒருமுறை அடித்தான். யாரும் நகரவில்லை. சுப்புத்தாய் சேலையைத் தூக்கிச் செருகி, தரையில் உரச்சாக்கைப் போட்டு, செல்போன் வெளிச்சத்தோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து புகுந்தாள். பாதம் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. எங்க பிடிச்சு ஆட்டணும் என்று உள்ளேயிருந்து கேட்டாள். அவன் குனிந்து, தண்டு இரண்டும் சேருகிற இடத்தைக் காட்டினான். அவள் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். அசைவில்லை. மறுபடியும், இந்தத் தடவை முழு பலத்தோடு. ரப்பர் மட்டும் லேசாகக் கொடுத்தது.

வெளியே வந்து எழுந்தாள். முழங்கைவரை கறுப்பு. இங்கும் அங்கும் பார்த்தாள். அவன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை இழுத்து, ஒவ்வொரு விரலாக, நகக்கண் விடாமல் துடைத்தாள். மிச்சமிருந்த மூலையால் முகத்து வியர்வையையும் ஒற்றிக்கொண்டு, துண்டைத் திரும்ப அவன் தோளிலேயே போட்டாள்.

“சனிக்கிழமை சனிக்கிழமை பாப்பேன். ஏறுங்கடி.”

பன்னிரண்டு பேர் ஏறினார்கள். பாண்டீஸ்வரி எதிரே முத்துக்கருப்பன் வண்டியைப் பார்த்தாள், பின்படியைப் பார்த்தாள், பிறகு இவனைப் பார்க்காமல் ஏறிக் கடைசியில் உட்கார்ந்தாள். தங்கப்பாண்டியனுக்கு அருவருப்பு போய்விடவில்லை. அந்த வயதில் அது எங்கே போகும். துண்டின் ஈரம் கழுத்தில் பட்டபோது உடம்பு முழுக்கக் கூசியது. எடுத்து எறிய நேரமில்லை. மணி ஐந்து நாற்பது ஆகிவிட்டது. சாவியைத் திருப்பினான்.