குதிரையிலிருந்து விழுந்தவர்

குதிரை முழு வேகத்தில் வரும்போது முதலில் தொப்பி பறக்கும், அப்புறம்தான் அண்ணன் விழுவார். இடது தோள் தரையில் பட்டு, புழுதியில் ஒரு சுற்று உருண்டு, வானத்தைப் பார்த்தபடி கிடப்பார். பர்மியக் கௌபாய் படங்களில் வில்லனின் ஆட்களில் ஒருவராக அவர் செத்துக்கொண்டே இருந்தார். தாமுவேயில் என் பக்கத்து வீட்டுக்காரர். நான் அப்போது லாரி வேலையை விட்டுவிட்டு, ஷூட்டிங்கில் விளக்குத் தூக்கிக்கொண்டிருந்தேன். சம்பளம் குறைவு, சோறு உண்டு.

சாவுக் காட்சியில் நடித்த நாளில் அண்ணி அவரை நேரே வீட்டுக்குள் விடமாட்டார். இழவு வீட்டுக்குப் போய் வந்தவரைப் போல வாசலிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்.

"இன்னைக்கு எத்தனை தடவை?"

"ஒரே தடவைதான் செத்தேன். டைரக்டருக்கு அவசரம்."

தெருவே சிரிக்கும். ஆனால் அண்ணி ஒரு படமும் பார்த்ததில்லை. "தாலி கட்டினவரு சாகுறதை டிக்கெட் வாங்கிப் பார்ப்பாங்களா?" என்பார். அண்ணனுக்கு அதுதான் தீராத குறை. ஊரெல்லாம் பார்த்த முகத்தைத் தன் மனைவி ஒருமுறை திரையில் பார்க்க வேண்டும். வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

டைரக்டரை நச்சரித்து, கடைசியில் சாகாத வேடம் ஒன்று வாங்கினார். கதாநாயகனின் குதிரைக்குத் தண்ணீர் காட்டும் லாயக்காரர். கியாக்டடா தியேட்டருக்கு அண்ணி பட்டுச்சேலையில் வந்தார். திரையில் அண்ணன் சிரித்தபோது அண்ணியும் சிரித்தார். அண்ணன் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு கடைசிச் சண்டை வந்தது. ஆட்கள் போதாமல், பழைய படமொன்றில் அண்ணன் விழும் காட்சியை வெட்டி ஒட்டியிருந்தார்கள். தொப்பி பறந்தது. அண்ணி எழுந்து வெளியே போய்விட்டார். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்று பஸ் நிறுத்தம் வரை சொல்லிக்கொண்டே பின்னால் போனார் அண்ணன். அதன் பிறகு அவர் குதிரை ஏறவில்லை. ஷ்வேப்யிதாவில் ஒரு தொழிற்சாலைக்குக் காவலாளியாகப் போனார்.

சென்ற மழைக்காலத்தில் காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. வெளியூர் வேலையிலிருந்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அண்ணி அழவில்லை.

"தம்பி, அந்த விழுற படம் உன் போன்ல வருமா?"

தேடினேன். யாரோ ஏற்றி வைத்திருந்த சிறு துண்டு ஒன்று கிடைத்தது. முகம்கூடத் தெளிவில்லை. அண்ணி போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். புழுதி அடங்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

"எவ்வளவு நல்லா விழுறாரு," என்றார். "ஒரு நாளாவது நான் அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

போனில் ஏதோ விளம்பரம் தானாக ஓடத் தொடங்கியது.

"இது வேணாம் தம்பி. அவரைப் போடு."