அக்காவின் மெஷின் மேடேறிய கதை

தண்ணீர்ப் பம்பு ரிப்பேர் செய்கிறவரை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'நிதானம்'. ஒரு ஸ்குரூவைக் கழற்றுவதற்கு முன் மூன்று முறை குனிந்து பார்ப்பார். அவருடைய வேனும் அவரைப் போலத்தான்; ஆயிரம் சிசி எஞ்சின், அவசரப்படுத்தினால் இருமும். பின்னால் ட்ரெய்லர் மாட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். டயர் டயராகக் காற்று பார்த்து, விளக்கைப் போட்டுப் பார்த்து, கொக்கிக்குத் துணையாகச் சங்கிலியும் கோத்து, அதை ஒரு தரம் இழுத்தும் பார்த்த பிறகுதான் சாவியைத் தொடுவார்.

ஒரே ஒரு ஆளிடம் மட்டும் இந்த நிதானம் செல்லாது. அது அவருடைய அக்கா.

அக்கா பள்ளிக்கூடப் பை தைக்கிறவள். ஊருக்கு வெளியே இருந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் புதுக் கடை பார்த்திருந்தாள். திங்கட்கிழமை முந்நூறு பைக்கு வேலை தொடங்கியாக வேண்டும். தடித்துணி தைக்கிற பெரிய மெஷின் ஒன்று, சின்ன மெஷின் இரண்டு, துணிக்கட்டுகள், எல்லாவற்றையும் நிதானம்தான் ட்ரெய்லரில் கொண்டுபோக வேண்டும். பெரிய மெஷினுக்கு ஏதாவது ஆனால் அக்காவின் பிழைப்பே நின்றுவிடும்.

சனிக்கிழமை காலை நிதானம் வீட்டிலிருந்த எடை பார்க்கும் மெஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அக்காவின் பழைய கடைக்குக் கிளம்பினார்.

"என் எடையைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல. ட்ரெய்லர் இளைச்சிருக்கான்னு பார்க்கப் போறாராம்" என்றாள் மனைவி.

துணி வெட்டுகிற இரும்பு மேசையை ஏற்றக் கூடாது என்றார் நிதானம். சின்ன எஞ்சின் அவ்வளவு இழுக்காது, அது இரண்டாவது நடையில் வரட்டும். அக்கா அதற்குத் தலையாட்டினாள். பெரிய மெஷின் விஷயத்தில்தான் மசியவில்லை.

"பெருசைக் கடைசியா ஏத்து. அங்க வாசல் சின்னது. அது முதல்ல இறங்கி உள்ள போகணும்."

"கனம் பின்னால இருந்தா வண்டி ஆடும்க்கா. சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால..."

"இருபது வருஷமா கடை நடத்துறேன். சாமான் ஏத்தத் தெரியாதா எனக்கு?"

கயிற்றை முடிந்துகொண்டிருந்த அக்கா புருஷன் நிமிராமலே சொன்னார்: "மாப்ளே, நான் ஒரு நாளும் ஜெயிக்காத கேஸ். நீ எதுக்கு வாதாடுற?"

எடை மெஷின்மேல் மரக்கட்டையை நிறுத்தி, ட்ரெய்லரின் மூக்கை, அதாவது வேனில் மாட்டுகிற முனையை, அதன்மேல் இறக்கிப் பார்த்தார் நிதானம். ஆறு கிலோ. வண்டி ஆடாமல் போக அந்த முனையில் இருபத்தைந்து கிலோவாவது அழுந்த வேண்டும். சொல்ல வாயைத் திறந்தவர், அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

மூவருமாக வேனில் கிளம்பினார்கள். ஊரைத் தாண்டிய நேர்சாலையில் வேகம் ஐம்பதைத் தொட்டதும் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. முதலில் லேசாக, பிறகு யாரோ வேனின் பின்பக்கத்தைப் பிடித்து உலுக்குவதைப் போல. பெரிய மெஷினை மூடியிருந்த நீலத் தார்ப்பாய் கண்ணாடியில் இடமும் வலமுமாகப் போய்வந்தது.

"பிரேக் போடுடா!" அக்கா அலறினாள்.

"இப்பப் போட்டா கவுந்துடும்."

ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தார். வேகம் நாற்பது, முப்பது என்று இறங்க இறங்க ஆட்டமும் அடங்கியது. அகலமான ஓரம் பார்த்து நிறுத்தினார். எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தப்பு என்னோடது. ஆறு கிலோன்னு தெரிஞ்சே கிளம்பினேன். எல்லாத்தையும் இறக்கி மறுபடி ஏத்தணும். அதுவரைக்கும் வண்டி நகராது."

தம்பி இந்தக் குரலில் பேசி அக்கா கேட்டதே இல்லை. கதவைத் திறந்து கீழே இறங்கி, "எங்க வைக்கணும், சொல்லு" என்றாள்.

பெரிய மெஷின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் வந்தது. நாலு பக்கமும் கயிறு. துணிக்கட்டுகள் பின்னால் போயின. மறுபடி எடை பார்த்தார்கள். இருபத்தாறு.

"ஒரு மணி நேரத்துல இருபது கிலோ ஏறிடுச்சே! என்ன சாப்பாடு போட்ட?" என்றார் அக்கா புருஷன். அப்போதுதான் மூவருக்கும் சிரிப்பு வந்தது.

மேட்டின் அடியிலேயே நிதானம் இரண்டாவது கியருக்கு வந்துவிட்டார். எஞ்சின் திணறிய பிறகு மாற்றுவது அவருக்குப் பிடிக்காது. வேன் முனகிக்கொண்டே ஏறியது. பின்னால் வரிசை நீண்டு ஹாரன் கத்தியது. இடம் கிடைத்த இடத்தில் ஒதுங்கி வழிவிட்டார். அக்கா தலையை வெளியே நீட்டினாள்.

"போங்கய்யா போங்க! உங்க பின்னாடி என்ன, என் மெஷினா வருது?"

இறக்கத்திலும் அதே கியர். பிரேக்கை அவ்வப்போதுதான் தொட்டார்.

புதுக் கடை வாசலில், கடைசியாக இறங்கிய பெரிய மெஷினை உள்ளே விட, சின்ன மெஷின் இரண்டையும் நடைபாதையில் நிறுத்த வேண்டியிருந்தது. அக்காவே அவற்றை ஓரமாக நகர்த்தி வழிவிட்டாள். பெரிய மெஷினுக்கு மின்சாரம் கொடுத்து, ஒரு துண்டுத் துணியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஒரு தையல்கூட விடல" என்றாள்.

பிறகு கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, எடை மெஷினை நீளமும் அகலமும் அளக்க ஆரம்பித்தாள்.

"என்னக்கா பண்ற?"

"இதுக்கு ஒரு பை தைக்கிறேன். ரெண்டாவது நடைக்கு இதைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டா போவ?"