மூன்று முறை இழுத்தால் தூக்கு

டங்... டங்... டங்...

அடுப்புக்குப் பின்னால் இருந்த இரும்புக் குழாயை யாரோ உள்ளிருந்து தட்டினார்கள். காலை ஐந்து நாற்பது. வெளியே இன்னும் இருட்டு. அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. தொட்டிலில் என் எட்டு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான்.

இது கட்டுக்கதை இல்லை. ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்கிறேன். எங்கள் கிர்கிஸ் மண்ணில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. நம்பாதவர்கள் நாரின் ஊர்ப் பக்கம் வந்து அந்தக் குழியைப் பார்க்கலாம். நான் கூட வர மாட்டேன்.

போன நவம்பரில்தான் நானும் என் கணவர் எர்மெக்கும் சத்தார்குலின் பண்ணைக்கு வேலைக்கு வந்தோம். நாற்பது பசுக்கள். கொட்டிலுக்குப் பின்னால் மூன்று ஆள் ஆழத்தில் சாணக்குழி, அதன்மேல் இரும்பு மூடி. சாணம் புளித்துக் கிளம்பும் வாயுதான் குழாய் வழியே வந்து எங்கள் அடுப்பை எரித்தது, அறையைச் சூடாக்கியது. குழிப் பக்கம் மட்டும் சத்தார்குல் எங்களை விடமாட்டார்.

எங்களுக்கு முன்பு அங்கே வேலைக்கு இருந்தவன் ஜுமாலி. "ரஷ்யாவுக்குப் போயிட்டான்" என்றார் சத்தார்குல். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் அங்கேதான். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

ஒன்றுதான் எனக்கு உறுத்தியது. அந்த அடுப்பின் நீலச் சுடர், சத்தார்குல் சமையலறைக்குள் வந்தால் மட்டும் மஞ்சளாகிவிடும். அவர் நிற்கும் பக்கமாகச் சாயும். ஜன்னல்களில் எல்லாம் கம்பளி அடைத்திருந்தோம். காற்று எங்கிருந்து வந்தது? டிசம்பருக்குப் பிறகு அவர் சமையலறைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

டங்... டங்... டங்...

மறுபடியும் மூன்று. சுடர் அணைந்தது.

ஆறரைக்குள் அறை சில்லிட்டுவிட்டது. வெளியே மைனஸ் இருபத்தாறு டிகிரி. மாடுகளின் தண்ணீர்த் தொட்டியில் பனி ஏடு கட்டத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் சத்தார்குல் வந்து வாசலில் நின்று கத்தினார்.

"எர்மெக்! குழிக்குள்ள குழாய் அடைச்சுக்கிச்சு. இறங்கிக் குத்தி விடு."

"கோழியை விட்டுப் பாத்துட்டு இறங்கறேண்ணே."

சாணக்குழி வைத்திருக்கும் எவரும் அப்படித்தான் செய்வார்கள். வாளியில் ஒரு கோழியை வைத்து இறக்கி, நூறு வரை எண்ணுவார்கள். மேலே இழுக்கும்போது கோழி செத்திருந்தால், கீழே விஷவாயு. மனிதன் இறங்கக் கூடாது.

சத்தார்குல் சிரித்தார். "கோழி முட்டை போடுது. நீ போடுவியா?"

"அண்ணே..."

"இறங்குடா. இல்லைன்னா பொண்டாட்டி பிள்ளையோட இப்பவே கிளம்பு."

அடுத்த ஊர் பதினெட்டு கிலோமீட்டர். இடுப்பளவு பனி. குழந்தை எங்கே பிழைப்பான்?

"என் கோழி இருக்கு. நான் கொண்டு வந்தது" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

"பாருடா... புருஷன் மேல ஆசையை!" என்றார் சத்தார்குல் என் முதுகுக்குப் பின்னால்.

ஏழு இருபது. மூடியைத் திறந்தோம். கீழே ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும்.

களக்... களக்... களக்...

ஏதோ கொதிப்பதுபோல.

வாளியை இறக்கிவிட்டு எண்ணத் தொடங்கினேன். இருபத்தொன்பது... முப்பது... முப்பத்தொன்று...

கயிறு கீழ்நோக்கி இழுபட்டது.

மறுபடியும்.

மறுபடியும்.

எர்மெக்கின் முகம் வெளுத்துவிட்டது. குழிக்குள் இருப்பவன் மூன்று முறை இழுத்தால், 'என்னைத் தூக்கு' என்று அர்த்தம். கோழிக்கு அது எப்படித் தெரியும்?

இருவரும் சேர்ந்து இழுத்தோம். கனத்தது. ஓர் ஆளின் கனம். வாளி விளிம்பைத் தொட்டதும் கனம் போய்விட்டது. உள்ளே கோழி உயிரோடு இருந்தது. அதன் உடம்பெல்லாம் சாணக் குழம்பு. ஆவி பறக்கும் சூடு.

"பாத்தியா? உயிரோட இருக்கு. இறங்கு" என்றார் சத்தார்குல். அவர் குழிப் பக்கம் பார்க்கவில்லை.

எர்மெக் வேறொரு கயிற்றை இடுப்பில் கட்டினார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"வேணாங்க."

"பிள்ளை விறைச்சுப் போயிடுவான்டி."

ஒரு காலைக் குழிக்குள் வைத்தார்.

அப்போதுதான் கீழிருந்து அந்தக் குரல்.

"நீ இல்ல தம்பி..."

எர்மெக் காலை உதறி இழுத்துக்கொண்டார்.

"அண்ணன் வரட்டும்..."

சத்தார்குல் ஓடவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஆத்திரத்தோடு மூடியைப் பற்றினார். குழியைப் பார்த்துக் கத்தினார்.

"வாயை மூடுடா! அன்னிக்கும் இப்படித்தான் கத்தினே!"

தரையில் கிடந்த வாளிக் கயிறு அசைந்தது.

அவருடைய காலைச் சுற்றிக் குழிக்குள் இழுத்தது.

ஒன்று...

இரண்டு...

மூன்று.

அவர் இல்லை.

விழுந்த சத்தம்... கேட்கவே இல்லை.

ஏழு நாற்பத்தொன்று. சமையலறையில் 'பக்' என்று ஒரு சத்தம். தீக்குச்சி இல்லாமலே அடுப்பு பற்றிக்கொண்டது.

எர்மெக் போன் செய்து வரவழைத்த மீட்புக் குழு வந்தபோது மணி பதினொன்றரை. குழிக்குள்ளிருந்து இரண்டு உடல்களை எடுத்தார்கள். ஒன்று சத்தார்குல். இன்னொன்று, ரஷ்யாவுக்குப் போனதாகச் சொன்ன ஜுமாலி. அவன் இடுப்பில் கயிறு இருந்தது. அதன் மேல் நுனி பிய்ந்திருக்கவில்லை. கத்தியால் அறுத்திருந்தது.

குழுவின் தலைவர் இலிச்பெக் கையைச் சூடாக்கிக்கொள்ளச் சமையலறைக்குள் வந்தார். நான் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். நீலச் சுடர் ஆடாமல் அசையாமல் எரிந்தது. அவர் அடுப்பைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். அது எங்கே போகிறது என்று கேட்டார். சொன்னேன்.

நீட்டிய கைகளை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அக்கா... அந்தக் குழி நவம்பர்லயே அடிவரைக்கும் கல்லா உறைஞ்சு போயிருக்கு, ரெண்டு பேரையுமே பனிக்கட்டிக்குள்ள இருந்து கோடாலியால வெட்டித்தான் எடுத்தோம்... அதுலேருந்து வாயு வரவே வராது. இத்தனை நாளா இங்க எது எரியுது?"