நிமிஷம் போட்ட பயணத் திட்டம்

பேருந்துப் பணிமனையில் அவருக்கு வைத்த பெயர் நிமிஷம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. அட்டவணை போடுவது அவர் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் நிற்கும், எப்போது திரும்பும் என்பதையெல்லாம் கட்டம் போட்ட பெரிய தாளில் பென்சிலால் எழுதுவார். கணினி வந்து ஒன்பது வருடமாகிறது. இன்றைக்கும் முதலில் பென்சில், அப்புறம்தான் கணினி.

"மெஷினுக்கு ரோடு தெரியாதுங்க" என்பார்.

அவருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம். இருபத்திரண்டு வருடத்தில், தான் அட்டவணை போட்ட ஒரு தடத்தில்கூட அவர் முழுதாகப் போய்வந்ததில்லை. பேருந்தில் ஏறினால் அவருக்குத் தலை சுற்றும். கார் ஓட்டவும் வராது. உரிமத்துக்கு மூன்று முறை போய் மூன்று முறையும் தோற்றார். மூன்றாம் முறை சோதிக்க வந்த அதிகாரி பாதி வழியில் இறங்கி, அலுவலகத்துக்கு நடந்தே போய்விட்டார்.

இதில் வேடிக்கை, அவர் மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஆசிரியை. "ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கறீங்க, சொந்தப் புருஷனுக்குச் சொல்லிக் கொடுக்க முடியலையா?" என்று கேட்பவர்களுக்கு அந்த அம்மாள் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறார்: "அவர் பிரேக் போடறதுக்கு முன்னாடி மணி பாக்குறாருங்க."

பதினான்கு வருடத்தில் அறுநூறு பெண்களுக்கு மேல் அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் மலை ஏறியிருக்கிறார்கள், கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள், போன இடத்திலிருந்தெல்லாம் 'டீச்சர், பாருங்க' என்று படம் அனுப்பியிருக்கிறார்கள். டீச்சர் மட்டும் பள்ளி வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை, தண்ணீர்த் தொட்டியிலிருந்து விளையாட்டு மைதானம் வரை. அதுவும் பக்கத்து சீட்டில், காலடியில் இன்னொரு பிரேக்கை வைத்துக்கொண்டு.

அவருடைய அக்கா ஐந்து மாநிலம் தள்ளி இருக்கிறார். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அக்காவால் பயணம் செய்ய முடியாது. பார்த்து ஏழு வருடமாயிற்று. ரயில் இருக்கிறது. கணவர் அதைத்தான் முதலில் சொன்னார்.

"ரயில்ல போனா ரயில் என்னைக் கூட்டிட்டுப் போகுது" என்றார் மனைவி. "நான் போகணும்."

பள்ளி உரிமையாளர் பன்னிரண்டு நாள் விடுப்பு கொடுத்தார். அதற்குள் திரும்பாவிட்டால் புதிய வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லி வைத்தார். பள்ளி கழித்துவிட்ட பழைய கார் ஒன்று ஏற்கெனவே வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. மிச்சம் இருந்தது திட்டம் மட்டும்தான்.

திட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நிமிஷத்துக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. ஒரு மாதம், தினமும் மாலையில் சாப்பாட்டு மேசை அவருக்குச் சொந்தமானது. மனைவி தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றே சாப்பிட்டார். மொத்தம் பதினோரு பக்கம். தலைப்பில் வண்டி எண். ஓட்டுநர்: மனைவி. நடத்துநர்: தான். டீசல் போட ஒன்பது நிமிடம். ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்க நான்கு. டயர் சூடு ஆற எட்டு. எஞ்சின் இளைப்பாறப் பதினைந்து. அக்கா வீட்டு வாசலில் 'அழுகை, நான்கு நிமிடம்' என்று ஒரு கட்டம். மூன்றாவது மாநிலத்தில் ஒரு கடிகார அருங்காட்சியகம். அதற்கு மட்டும் 'அரை நாள், தேவைப்பட்டால் கூடுதல்' என்று இருந்தது.

கிளம்ப ஏழு நாள் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மனைவி பதினோரு பக்கத்தையும் படித்தார். இரண்டாம் நாளில் விரல் நின்றது.

"என்னங்க, இது காலைல அஞ்சே முக்கால். இது மதியம் பன்னெண்டு அஞ்சு. நடுவுல?"

"நடுவுல நேர் ரோடு. நிக்கவே வேண்டாம். அருமையான ஸ்ட்ரெச்."

"ஆறு மணி நேரம் இருபது நிமிஷம். நான் எங்கங்க இறங்கறது?"

"எதுக்கு இறங்கணும்?"

மனைவி அவரைப் பார்த்தார். வண்டியை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் திணறும் மாணவியைப் பார்க்கும் பொறுமையான பார்வை. கணவருக்கு விளங்க இரண்டு நிமிடம் பிடித்தது.

"ஓ! அதுவா? அது... எங்கேயாவது ஓரமா நிறுத்திக்கலாம்."

"எங்கேயாவதுன்னா?"

"ஒரு மறைவா..."

"மறைவு உங்களுக்குக் கிடைக்கும். எனக்கு எது மறைவு? எஞ்சினுக்குப் பதினஞ்சு நிமிஷம் போட்டிருக்கீங்க. டயருக்கு எட்டு. ஓட்டறவளுக்கு எங்க?"

நிமிஷம் தாளைத் திருப்பிப் பார்த்தார். பதினோரு பக்கத்திலும் இல்லை. இல்லாததை ஒப்புக்கொண்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் அட்டவணையைக் காப்பாற்றப் பார்த்தார்.

"தண்ணி கொஞ்சம் குறைச்சுக் குடிச்சா போதுமே."

எத்தனை பழைய, எத்தனை சாதாரணமான யோசனை! மனித குலத்தில் பாதிப் பேர் தலைமுறை தலைமுறையாக இந்த யோசனையின் பேரில்தான் பயணம் செய்திருக்கிறார்கள். வறண்ட நாக்கோடு பள்ளிக்கூடம் போனார்கள், வேலைக்குப் போனார்கள், சிறுநீரகம் கெட்டு மருத்துவமனைக்கும் போனார்கள். சாலை போட்டவன், நிறுத்தம் கட்டியவன், நேரம் குறித்தவன் எல்லாரும் கூடி விட்ட பிழையை ஒரு பெண் தன் தொண்டையை அடக்கிச் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பொறுமை என்று பெயரும் வைத்தாயிற்று. நிமிஷம் கெட்டவர் அல்ல. அவருக்கு அது தோன்றவேயில்லை. தோன்றாமலே ஒரு ஆயுளைக் கழிக்க முடிகிறதே, அதுதான் அநியாயம்.

மனைவி தாள்களை அடுக்கி, நான்காக மடித்து, கணவர் சட்டைப் பையில் வைத்தார்.

"நான் வரல. நீங்களும் உங்க எஞ்சினும் போயிட்டு வாங்க."

அன்று மாலை அக்காவிடம் போனில் விஷயத்தைச் சொன்னார். அக்கா ஸ்பீக்கரைப் போடச் சொன்னார்.

"தம்பி, இருக்கீங்களா? எனக்கு அழுகைக்கு நாலு நிமிஷமாமே?"

"அது ஒரு உத்தேசம்தான், அண்ணி."

"ஏழு வருஷத்துக்கு நாலு நிமிஷமா? கதவத் திறக்கவே எனக்கு அஞ்சு நிமிஷம் ஆகும், முட்டி அப்படி!" சிரித்துவிட்டு, தங்கையிடம் குரலை இறக்கினார். "ஏண்டி, நிஜமாவே வரமாட்டியா? மாடியில ரூம் கூட ஒழிச்சு வெச்சுட்டேன்டி."

தங்கை போனை மேசையில் வைத்தார். சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். குழாய் ஓடுவதும் பாத்திரம் எதுவும் கழுவப்படாததும் கூடத்தில் கேட்டது.

மறுநாள் பணிமனையில் நிமிஷம் வரைபடத்தை விரித்தார். கழிப்பறை வரைபடத்தில் இல்லை. போனில் தேடினார். இருபது காட்டியது. எதில் தண்ணீர் வரும், எதில் பூட்டு தொங்கும் என்று போனுக்குத் தெரியவில்லை. மெஷினுக்கு ரோடு தெரியாது என்று ஒன்பது வருடமாக அவர் சொல்லி வந்தது உண்மைதான்.

ஜன்னலுக்கு வெளியே விசில் அக்கா வண்டி ஏறப் போய்க்கொண்டிருந்தார். பணிமனையின் மூத்த பெண் நடத்துநர். அவர் ஊதினால் பக்கத்து நிறுத்தத்து வண்டியும் கிளம்பிவிடும் என்பார்கள்.

"ஏம்மா, ஒரு நிமிஷம்."

"உங்க பேரையே சொல்லிக் கூப்பிடறீங்க. சொல்லுங்க சார்."

அவர் சுற்றி வளைத்து, மென்று விழுங்கி, மனைவியின் பிரச்சினை என்று கேட்டு முடிப்பதற்குள் விசில் அக்கா பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"நாலு வருஷமா மனு குடுக்கறோம் சார், நம்ம நீள ரூட்டுல பன்னெண்டு நிமிஷம் வேணும்னு. உங்க டிராயர்லதான் இருக்கும், பாருங்க."

பார்த்தார். இருந்தது. மூன்று மனு. ஒன்றின் மேல் டீ கிளாஸ் வைத்த வட்டம்.

"அப்போ இத்தனை நாளா நீங்கள்லாம் எப்படி...?"

"எங்களுக்குன்னு ஒரு லிஸ்ட் இருக்கு. எழுத மாட்டோம், வாயாலதான். புதுசா வேலைக்கு வர்றவளுக்கு டிக்கெட் கிழிக்கச் சொல்லித் தர்றதுக்கு முன்னாடி அதைத்தான் சொல்லித் தருவோம். எந்த பங்க்ல கதவு இருக்கு தாழ்ப்பாள் இல்ல, எந்த ஸ்டாண்டுல சாவி பழக்கடைக்காரம்மாகிட்ட இருக்கு, எந்த ஆஸ்பத்திரியில கேள்வி கேக்காம உள்ள விடுவாங்க, எல்லாம். மாநிலம் தாண்டிப் போற வண்டியில நம்ம ஆளுங்க இருக்காங்க. அந்தப் பக்கம் அவங்களுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. அஞ்சு மாநிலமும் கேட்டு வாங்கித் தரலாம்."

நிமிஷம் பென்சிலை எடுத்தார். "சொல்லும்மா."

"பன்னெண்டு நிமிஷம்?"

"அது வேற விஷயம்மா. அதுக்கு மேனேஜர் கையெழுத்து வேணும், காரணம் எழுதணும்..."

"எழுதுங்க. எழுதிட்டு வாங்க, நான் சொல்றேன்." விசில் அக்கா பையை எடுத்துக்கொண்டார். "வீட்டம்மாவுக்குன்னா உடனே பென்சில் எடுக்கத் தெரியுதுல்ல?"

இரண்டு நாள் அவர் அந்தத் தாளின் முன் உட்கார்ந்திருந்தார். தன் கையால் போட்ட அட்டவணையில் பிழை என்று தன் கையால் எழுதுவது அவருக்குப் பல் பிடுங்குவதைப் போல. காரணம் என்ற கட்டத்தில் முதலில் 'வண்டி பராமரிப்பு' என்று எழுதினார். அழித்தார். 'போக்குவரத்து நெரிசல்' என்று எழுதி அதையும் அழித்தார். கடைசியில் புதன்கிழமை பிற்பகல் மேலாளரிடம் கொண்டுபோய் நீட்டினார்.

மேலாளர் படித்தார். "'நடத்துநர்கள் கழிப்பறை செல்ல.' இப்படியாங்க எழுதுவாங்க? பயணிகள் வசதின்னு போடுங்க."

"பயணிங்க யாரும் கேக்கல சார். கேட்டது கண்டக்டருங்க. நாலு வருஷமா கேக்கறாங்க."

"நாலு வருஷமா நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"டிராயர்ல வெச்சிருந்தேன் சார்."

மேலாளருக்கு இந்த மாதிரிப் பதில் கேட்டுப் பழக்கமில்லை. பேனா மூடியைத் திருகித் திறந்தார். சோதனைக்காக ஒரு மாதம் என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு மாசமா?" என்றார் விசில் அக்கா, தாளைப் பார்த்து. "ஒரு மாசம் கழிச்சு எடுக்கட்டும், பாப்போம்." நான்காவது மனுவுக்கு இப்போதே மனத்தில் முதல் வரி போட்டாயிற்று என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, பென்சில் வேகத்துக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து மாநிலத்திலிருந்தும் செய்தி வந்துவிட்டது. முகம் தெரியாத பெண்கள் குரல் பதிவு அனுப்பினார்கள். அந்தப் பக்க மொழியில் ஒருத்தி சொன்னதை இந்தப் பக்கத்து நடத்துநர் ஒருத்தி மாற்றிச் சொன்னாள். 'பாலம் தாண்டி மூணாவது பங்க். முதல் ரெண்டுல நிறுத்தாதீங்க.' 'நர்ஸ் ஹாஸ்டல். டியூட்டி மாறுற நேரத்துல போகாதீங்க.' 'இங்க டார்ச் கொண்டு போங்க.' எல்லாவற்றையும் சேர்த்தால் போகும்போது கால் நாள், திரும்பும்போது கால் நாள் கூடிற்று. விடுப்போ அதே பன்னிரண்டு. நிமிஷம் ரப்பரை எடுத்து எங்கெங்கே தேய்க்கலாம் என்று தேடினார். அக்கா வீட்டில் இருக்கும் நாட்களைத் தொட மனம் வரவில்லை. கடிகார அருங்காட்சியகத்தை அழித்தார். அந்த ஒரு வரியை அழிக்க அவருக்குக் கழிப்பறைக் கட்டம் எல்லாம் போட்டதைவிட அதிக நேரம் ஆனது.

மனைவி புதுத் தாள்களைப் படித்தார். இருபத்து மூன்று பக்கம். முழுவதும் படித்துவிட்டு, "இது யார் போட்டது?" என்றார்.

"கண்டக்டருங்க. நான் எழுதினேன், அவ்வளவுதான்."

"அதான் பாத்தேன். உருப்படியா இருக்கே." அழிந்த இடத்தில் விரலை ஓட்டினார். "இங்க என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒரு மியூசியம்."

"ஐயோ பாவம்" என்றார், சிரிப்பை மறைக்காமல். எழுந்து போய்ப் பெட்டியை இறக்கினார்.

ஞாயிறு காலை கிளம்பினார்கள். மனைவி பதினான்கு வருடம் உட்கார்ந்த பக்கத்து சீட்டில் இப்போது கணவர். "காலை மடக்கி வெச்சுக்குங்க. அந்தப் பிரேக்கை மிதிச்சீங்கன்னா நடுரோட்டுல இறக்கி விட்டுடுவேன்." மடக்கி வைத்துக்கொண்டார். தண்ணீர்த் தொட்டி போனது, மைதானம் போனது. மைதானம் தாண்டியதும் மனைவி கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினார். அட்டவணைப்படி அவர்கள் முப்பத்தைந்து நிமிடம் தாமதம். கணவர் அதை இரண்டு முறை வாய் வரை கொண்டுவந்து விழுங்கினார்.

பத்து மணிக்கு முதல் மாநில எல்லை. சோதனைச் சாவடிக்காரர் தடுப்புக் கட்டையை இறக்கிவிட்டு வந்தார். ஓட்டுபவரைத் தாண்டி, காரைச் சுற்றிக்கொண்டு, கணவர் பக்கத்து ஜன்னலில் குனிந்தார்.

"எங்க சார் போறீங்க? லைசென்ஸ் காட்டுங்க."

"எங்கிட்ட லைசென்ஸ் இல்லீங்க. மூணு தடவ ஃபெயில். அவங்களைக் கேளுங்க, அவங்கதான் போறாங்க."

சாவடிக்காரர் நிமிர்ந்து, மறுபடி காரைச் சுற்றி வந்தார். மனைவி உரிமத்தை நீட்டினார்.

"எவ்வளவு தூரம்மா?"

"இன்னும் நாலு மாநிலம்."

"தனியாவா ஓட்டறீங்க, அவ்வளவு தூரம்?"

"தனியா எங்க? பக்கத்துல நடத்துநர் இருக்காரே" என்றார் மனைவி. "வழியெல்லாம் ஆளுங்க இருக்காங்க. நீங்க கட்டையைத் தூக்குங்க, எங்க அக்கா காத்துக்கிட்டிருக்கா."